மடிக்கணினிக்குக் குளிர்தட்டு வேண்டுமா?



கணினிக் கடைகளில் 'கூலிங் பேட்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்களே, அந்தக் குளிர்தட்டைப் பற்றித்தான் இன்று எழுத விரும்புகிறேன். மடிக்கணினி சூடாகிறதா, உடனே ஒரு குளிர்தட்டை வாங்கி அடியில் வை என்னும் அறிவுரை நம்மிடையே நன்றாகப் பரவிவிட்டது. காய்ச்சல் என்றால் பனடால் என்பதைப் போல! பனடால் காய்ச்சலைத் தணிக்கும்; அந்தக் காய்ச்சல் எதனால் வந்தது என்று சொல்லாது. குளிர்தட்டும் அத்தகையதே என்பது என் கருத்து. சில கணினிகளுக்கு அது பயன்படும். ஆனால், நம் பள்ளிகளிலும் வீடுகளிலும் சூடாகிற கணினிகளில் பலவற்றுக்கு வேண்டியது குளிர்தட்டு அன்று. கொஞ்சம் கவனமும் ஒரு தூரிகையுமே.

கணினிக்குள் வெப்பம் எப்படித் தோன்றுகிறது என்பதைப் பார்த்துவிட்டால் மற்றவை எளிதில் விளங்கும். செயலி உட்கொள்ளும் மின்னாற்றல் ஏறக்குறைய முழுவதும் இறுதியில் வெப்பமாகவே மாறுகிறது. மெல்லிய மடிக்கணினியின் செயலி 15 வாட் அளவில் வெப்பத்தை உண்டாக்கும். விளையாட்டுக்கென விற்கப்படும் கணினிகளின் செயலி 45 வாட்டையும் தாண்டும். இந்த வெப்பத்தைச் செம்புக் குழாய் ஒன்று ஓரத்தில் உள்ள மெல்லிய உலோகத் தகடுகளுக்குக் கொண்டு சேர்க்கிறது. உள்ளே இருக்கும் சிறு விசிறி, அடிப்பக்கத் துளைகளின் வழியே காற்றை இழுத்து, அத்தகடுகளின் ஊடே செலுத்தி, பக்கவாட்டிலோ பின்புறத்திலோ வெளியேற்றுகிறது. சுருங்கச் சொன்னால், மடிக்கணினியும் மூச்சு விடுகிறது. அதன் மூக்கு பெரும்பாலும் வயிற்றுப் பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் சிக்கல்.

மூச்சு முட்டினால் என்ன ஆகும்? செயலியின் வெப்பம் 100 பாகை செல்சியசை நெருங்கும்போது, அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதுவும் போதாவிட்டால் கணினி தானே அணைந்துவிடும். பலர் இதைப் பழுது என்று எண்ணுகின்றனர். உண்மையில் இது தற்காப்பு. "கணினி மிகவும் மெதுவாகிவிட்டது, புதியது வாங்க வேண்டும்" என்று கூறுவோர், அதற்கு முன்பு அதன் துளைகளை ஒருமுறை திருப்பிப் பார்ப்பது நல்லது. மூன்று ஆண்டுத் தூசு மூக்கை அடைத்துக்கொண்டிருக்க, நாம் மூளையைக் குறைகூறிக் கொண்டிருக்கிறோம்.

இனி, குளிர்தட்டுக்கு வருவோம். பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். அதற்குள் குளிர்பதனக் கருவி எதுவும் இல்லை. ஒன்றோ இரண்டோ ஐந்தோ விசிறிகள், அவற்றின்மேல் ஒரு கம்பி வலை, மின்சாரத்திற்கு ஒரு யுஎஸ்பி கம்பி. கடைகளில் விற்கும் பெரும்பாலானவை இவ்வளவே. சில தட்டுகளில் நீலநிற விளக்கும் எரியும். அந்த விளக்கு குளிர்விப்பதில்லை. பார்க்கும் நமக்குத்தான் குளிர்ச்சியாக இருக்கிறது. பழைய யுஎஸ்பி துளை ஒன்று 5 வோல்ட்டில் 500 மில்லிஆம்பியர், அதாவது 2.5 வாட் அளவே மின்சாரம் தரும். அந்தச் சிறு ஆற்றலையும் குளிர்தட்டு கணினியிடமிருந்தே வாங்கிக்கொள்கிறது. மின்னேற்றி செருகப்படாதபோது குளிர்தட்டைச் சுழலவிட்டால், மின்கலம் சற்று விரைவாகவே இறங்கும்.

அந்த விசிறிகள் ஊதுவது அறையில் இருக்கும் காற்றைத்தான். அறை 33 பாகை சூட்டில் இருந்தால், குளிர்தட்டிலிருந்து வருவதும் 33 பாகைக் காற்றே. எத்தனை விசிறிகளைச் சுழற்றினாலும் கணினியை அறையின் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோக இயலாது. ஆப்பிள் நிறுவனம் தன் மடிக்கணினிகளை 10 முதல் 35 பாகைக்குள் பயன்படுத்துமாறு கூறுகிறது. நம் நாட்டில் அந்த மேல் எல்லை எட்டாத உயரம் அன்று. பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில் 1998ஆம் ஆண்டில் 40.1 பாகை பதிவானது. 2016 மார்ச்சில் எல் நினோ வெயிலால் பெர்லிஸிலும் கெடாவிலும் பள்ளிகளையே மூட வேண்டியிருந்தது. தகரக் கூரையின் கீழ், பிற்பகல் இரண்டு மணிக்கு, சன்னலோரத்து மேசையில் கணினியை வைத்துவிட்டுக் குளிர்தட்டை நம்புவதைவிட, மேசையை நான்கு அடி உள்ளே நகர்த்தி மேல்விசிறியைச் சுழலவிடுவது மேல். அதற்குக் காசும் செலவாகாது.

அப்படியென்றால் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? என் நினைவில் அது 2003ஆம் ஆண்டோடு சேர்ந்திருக்கிறது. கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் அவ்வாண்டு தொடங்கியபோது, அப்பாட ஆசிரியர்களுக்கு மடிக்கணினியும் ஒளிப்படக் காட்டியும் வழங்கப்பட்டன. அத்திட்டத்தைப் பற்றிய விவாதம் நீண்டது. அதற்குள் நான் இப்போது புக விரும்பவில்லை. அந்தக் காலத்துக் கணினிகள் தடித்தவை, எடை மிகுந்தவை. ஒரு பாடவேளை முடிவதற்குள் அடிப்பாகம் தோசைக்கல்லைப் போலச் சுடும். அவற்றுக்குக் குளிர்தட்டு உண்மையிலேயே உதவியிருக்கும். அன்று பிறந்த நம்பிக்கையை, கணினிகள் முற்றிலும் மாறிவிட்ட பிறகும் நாம் கைவிடவில்லை.

இன்றைய கணினிகளில் ஒரு சாராருக்கு விசிறியே கிடையாது. குரோம்புக் வகைகளில் பல அத்தகையவை. 2020ஆம் ஆண்டு இறுதியில் வெளிவந்த எம்1 மேக்புக் ஏரும் அவ்வாறே. இவை உடம்பு முழுவதாலும் வெப்பத்தை வெளியேற்றுகின்றன. உலோக உடல் கொண்டவற்றின்மேல் காற்று பட்டால் ஓரளவு பயன் உண்டு. அடிப்பாகம் தடித்த நெகிழியாக இருந்தால் ஊதும் காற்று ஊதியதாகவே போகும்.

எங்கள் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் செயலவைக் கூட்டத்தில் இதைத்தான் நான் சொல்ல வேண்டியிருந்தது. கணினி அறையில் உள்ள 25 கணினிகளுக்கும் தலா ஒரு குளிர்தட்டு வாங்கலாம் என்று ஒரு பரிந்துரை வந்தது. நல்ல மனத்தோடு வைக்கப்பட்ட பரிந்துரைதான். ஒன்று 40 வெள்ளி என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 1,000 வெள்ளி. தமிழ்ப்பள்ளிச் சங்கம் ஒன்றுக்கு 1,000 வெள்ளி எப்படிச் சேர்கிறது என்பதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உணவுச் சந்தையில் தாய்மார்கள் விடியற்காலையில் எழுந்து சமைத்த நாசி லெமாக்கும், எண்ணெய்ச் சட்டியின் முன் நின்று சுட்ட வடையும்தான் அந்தப் பணம்.

நான் ஒரு கணினியை எடுத்து வந்து தலைகீழாகத் திருப்பிக் காட்டினேன். அடியில் ஒரு துளைகூட இல்லை. "காற்றை எங்கே ஐயா ஊதுவது?" என்று கேட்டேன். சங்கத் தலைவர் விடவில்லை. "அப்படின்னா ஏன் சார் அவ்வளவு சூடாவுது?" என்றார். நியாயமான கேள்வி. விடை அலமாரியில் இருந்தது. பாடம் முடிந்ததும் 25 கணினிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மின்னேற்றிகளைச் செருகி, கதவைப் பூட்டிவிடுவதே வழக்கமாகிப் போயிருந்தது. மின்னேற்றம் நடக்கும்போது கணினியும் சூடாகும், மின்னேற்றியும் சூடாகும். அடுக்கின் நடுவில் மாட்டிக்கொண்டவற்றுக்கு வெப்பம் வெளியேற வழியே இல்லை. காலையில் மாணவர்கள் கையில் எடுக்கும்போதே அவை வெதுவெதுவென்று இருந்தன. இதற்குச் சமையலறைக் கடையில் தட்டுகளை நிறுத்தி வைக்க விற்கும் கம்பித் தாங்கிகள் போதும். கணினிகளை அவற்றில் செங்குத்தாக, இடைவெளி விட்டு நிறுத்தலாம். மின்னேற்றும் நேரம் கதவைத் திறந்து வைக்கலாம். ஆளில்லாத நேரத்தில் மின்னேற்றாமல் இருப்பது இன்னும் நல்லது. கூட்டம் இதை ஏற்றுக்கொண்டது. மிஞ்சிய பணத்தில் தமிழ்க் கதைநூல்கள் வாங்கும் பேச்சு உடனே தொடங்கிவிட்டது. அதில் எனக்கும் ஒரு பட்டியல் உண்டு!

நிற்க. பள்ளியைவிட வீட்டில்தான் இச்சிக்கல் பெரிது. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்த பின்னர், கணினி இல்லாத வீடுகளிலும் கடன்பட்டாவது ஒன்றை வாங்கி வைத்தார்கள். 2021ஆம் ஆண்டில் செர்டிக் திட்டத்தின்வழி 500 பள்ளிகளின் மாணவர்களுக்கு 150,000 சாதனங்கள் என்ற இலக்கு வைக்கப்பட்டது. அக்காலத்தில் வாங்கிய கணினிகளுக்கு இன்று வயதாகிவிட்டது. உத்தரவாதக் காலம் முடிந்து, உள்ளே தூசு படிந்து, மின்கலம் தளர்ந்து, இருப்பினும் மூன்று பிள்ளைகளுக்கு அந்த ஒன்றே துணை என்னும் நிலையில் அவை உழைத்துக்கொண்டிருக்கின்றன. அப்படி ஒரு கணினியைத் தூக்கிக்கொண்டு ஒரு தாயார் என்னிடம் வந்தார்.

"சார், லெப்டோப் தன்னால அணைஞ்சிடுது. கூலிங் பேட் வாங்கச் சொல்றாங்க. எது நல்லது சார்?"

"பையன் இதை எங்கே வைச்சும்மா படிக்கிறான்?"

"தோத்தோ மேலதான் சார். எங்க வீட்டுல மேசை இல்லையே."

தோத்தோ மெத்தையில் வைத்தால் கணினி பஞ்சுக்குள் அமிழ்ந்துவிடும். அடித்துளைகள் முற்றாக மூடிக்கொள்ளும். பஞ்சின் நூலிழைகளும் உள்ளே இழுக்கப்பட்டு, அந்த உலோகத் தகடுகளின்மேல் கம்பளியைப் போலப் படியும். பள்ளியில் வீணாகக் கிடந்த ஒரு பலகைத் துண்டையும், நான்கு மூலைகளுக்குத் தண்ணீர்ப் புட்டியின் மூடிகளையும் கொடுத்தனுப்பினேன். பலகையின்மேல் மூடிகள், மூடிகளின்மேல் கணினி; அவ்வளவுதான். அத்துடன் கடையில் ஒருமுறை திறந்து தூசு எடுக்கும்படியும், கொடுக்கும் முன்பே கூலியைக் கேட்டுக்கொள்ளும்படியும் சொன்னேன். அதற்குப் பிறகு கணினி இடையில் அணையவில்லை என்று அந்த அம்மா சொன்னார். குளிர்தட்டு தரும் நன்மையில் பெரும்பங்கு, அது கணினியைத் தூக்கிப் பிடித்து உறுதியான தளத்தில் நிறுத்துவதால் வருவதே என்று நான் கருதுவதற்கு இதுவும் ஒரு காரணம். தூக்கிப் பிடிக்க மின்சாரம் தேவையில்லை.

தூசைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். திறந்த சன்னல்கள் கொண்ட வகுப்பறைகளில் செம்மண் தூசும், புகைமூட்டக் காலத்தில் சாம்பல் துகளும் தடையின்றி நுழைகின்றன. தோட்டப்புறப் பள்ளிகளில் செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று போனாலே மேசையில் பெயர் எழுதலாம். கணினியின் வெதுவெதுப்பை நாடி எறும்பும் குடிபுகும். ஆகவே, மாதம் ஒருமுறையாவது கணினியை அணைத்து, மின்கம்பியைக் கழற்றி, துளைகளை மென்மையான வண்ணத்தூரிகையால் துடைப்பது நலம். அடைத்து விற்கும் அழுத்தக் காற்றைப் பயன்படுத்துவோர் விட்டுவிட்டுச் சிறிது சிறிதாக ஊத வேண்டும். திறந்து துடைக்கும்போது உள்விசிறி வேகமாகச் சுழன்றுவிடாதபடி அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வீட்டில் தரையைத் துடைக்கும் தூசி உறிஞ்சியை நேரே வைக்காதீர்கள். அதனால் உண்டாகும் நிலைமின்சாரம் மின்சுற்றைக் கெடுக்கக்கூடும். செயலிக்கும் செம்புக் குழாய்க்கும் இடையே தடவப்பட்ட வெப்பப் பசை சில ஆண்டுகளில் காய்ந்துவிடும். அதை மாற்றுவது தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை.

நான் குளிர்தட்டுக்குப் பகைவன் அல்லேன். அடியில் அகன்ற துளைகள் உள்ள கணினி, காணொளி தொகுத்தல் போன்ற கடுமையான வேலை, தூசு எடுத்த பின்னும் குறையாத சூடு. இம்மூன்றும் சேருமிடத்தில் தாராளமாக வாங்கலாம். பள்ளி ஆண்டுவிழாக் காணொளியை இரவெல்லாம் தொகுக்கும் ஆசிரியர் நண்பர் ஒருவர் குளிர்தட்டு இல்லாமல் உட்காரவே மாட்டார். அவருடைய கணினிக்கு அது பொருத்தம். வாங்கும்போது கணினியைக் கடைக்கே எடுத்துச் செல்லுங்கள். கோலாலம்பூர் லோயாட் பிளாசா ஆனாலும், சிங்கப்பூர் சிம் லிம் சதுக்கம் ஆனாலும், தட்டின் விசிறி உங்கள் கணினியின் துளைக்கு நேராக வருகிறதா என்பதை வைத்துப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள். ஒரு மெல்லிழைத் தாளைத் தட்டின்மேல் பிடித்தால் காற்று மேலே ஊதுகிறதா, கீழே இழுக்கிறதா என்பது தெரிந்துவிடும். கணினி அடியிலிருந்து காற்றை இழுக்க, தட்டும் அதே காற்றைக் கீழ்நோக்கி இழுத்தால் இரண்டும் கயிறு இழுக்கும் போட்டி நடத்தும். 'கோர் டெம்ப்' போன்ற இலவச மென்பொருளைக் கொண்டு, ஒரே வேலையைத் தட்டோடும் தட்டின்றியும் செய்து வெப்பத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இறங்கிய பாகையைக் கண்ணால் கண்ட பிறகு நம்புங்கள்.

பனிக்கட்டிப் பையை அடியில் வைப்போரும் இருக்கின்றனர். தயவுசெய்து வேண்டா! நம் நாட்டுக் காற்றில் ஈரம் மிகுதி. குளிர்ந்த பரப்பில் அது நீராகப் படியும். குளிர்நீர்க் குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதைப் போலக் கணினியின் உட்புறமும் வியர்க்கும்.

குளிர்தட்டால் தீராத சில சூடுகளும் உள்ளன. பெற்றோர்கள் இவற்றைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். மின்கலம் உப்பித் தொடுபலகை மேலெழும்பினாலோ, மூடி சரியாக மூடாவிட்டாலோ, அன்றே பயன்பாட்டை நிறுத்துங்கள். மின்னேற்றவும் வேண்டா, குத்தவும் அமுக்கவும் வேண்டா. 2006ஆம் ஆண்டில் டெல் நிறுவனம் 41 இலட்சம் மின்கலங்களைத் திரும்பப் பெற்றது. சோனி தயாரித்த அம்மின்கலங்களுக்குள் நுண்ணிய உலோகத் துகள்கள் கலந்திருந்ததே காரணம். மின்கலத்துக்குள் உள்ள அத்தகைய கோளாற்றை வெளியிலிருந்து ஊதும் விசிறி என்ன செய்துவிடும்? வெப்பம் மின்கலத்தின் ஆயுளையும் மெல்ல மெல்லத் தின்னும். முழுமையாக மின்னேற்றி 40 பாகையில் ஓராண்டு வைத்திருந்த லித்தியம் மின்கலம் தன் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழக்கும். 25 பாகையில் அந்த இழப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே. வெயிலில் நிறுத்திய காரில் கணினிப் பையை விட்டுச் செல்லும் ஆசிரிய நண்பர்கள் இதனைக் கவனிக்க.

மடியில் வைக்கும் பழக்கம் இன்னொன்று. பெயர்தான் மடிக்கணினி! 2010ஆம் ஆண்டில் 'பீடியாட்ரிக்ஸ்' என்னும் குழந்தை மருத்துவ இதழில் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் 12 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினர். நாள்தோறும் சில மணிநேரம், பல மாதங்களாகக் கணினியைத் தொடைமேல் வைத்து விளையாடியதால் அவனுடைய இடத்தொடைத் தோலில் வலைபோன்ற கருமை படர்ந்திருந்தது. கொப்புளம் எழுப்பும் அளவுக்குச் சுடாத வெப்பமும் நெடுநாள் பட்டால் தோலைக் கெடுக்கும். பிள்ளை கணினியோடு படுக்கையில் சுருண்டிருந்தால், குளிர்தட்டை வாங்கிக் கொடுக்காமல் மேசைக்கு அழைத்து வாருங்கள். மின்னேற்றியைத் தலையணைக்கு அடியில் திணிக்க ஒருபோதும் விடாதீர்கள். அது வீட்டையே எரிக்கக்கூடிய பழக்கம்.

ஐந்தாம் ஆண்டு அறிவியலில் வெப்பம் என்றொரு தலைப்பு உண்டு. பெரும்பாலும் சுடுநீரும் வெப்பமானியுமாக அப்பாடம் முடிந்துவிடுகிறது. இம்முறை எங்கள் மாணவர்களிடம் விசிறியுள்ள பழைய கணினி ஒன்றைக் கொடுத்தோம். மடித்த போர்வை, மரமேசை, நான்கு மூடிகள், இரவல் வாங்கிய குளிர்தட்டு ஆகிய நான்கின்மேலும் தலா 20 நிமிடம் ஒரே காணொளியை ஓடவிட்டார்கள். செயலியின் வெப்பத்தை இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை குறித்துக் கோட்டுக்குறிவரைவு வரைந்தார்கள். போர்வையின் கோடு மேலே போய்விட்டது. மூடிகளின் கோடும் குளிர்தட்டின் கோடும் ஒன்றையொன்று ஒட்டியே சென்றன. அவற்றுள் எது கீழே என்று பின்வரிசையில் ஒரு சச்சரவே நடந்தது. அடுத்த வாரம் மின்னேற்றியின் சூட்டையும் அளக்க வேண்டுமாம். அதற்கு ஏற்ற வெப்பமானியைப் பக்கத்து இடைநிலைப்பள்ளியில் கேட்டிருக்கிறேன்.